அறுபத்தொரு கிலோமீட்டர்

புதுக் கார் எடுக்க வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று துன்யாவைக் கேட்க வேண்டும். ஏழு வருடமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு. பெல்கிரேடில் நெடுஞ்சாலை ஓரத்தில் முழுக்கக் கண்ணாடியாலேயே கட்டி வைத்த அந்த ஷோரூமில் வண்டியை விற்பது வேறு ஆட்கள். விற்ற வண்டியைத் துடைத்துத் தயார் செய்து, சாவியைக் கையில் கொடுத்து, சிரித்து அனுப்பி வைப்பவள் துன்யா.

பெட்ரோல் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். பெயின்டில் ஒரு கீறல் இருக்கக் கூடாது. திரையின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை வாங்குகிறவர்தான் உரிக்க வேண்டும். நாம் உரித்து வைத்துவிட்டால் குழந்தையின் மிட்டாயைப் பிடுங்கித் தின்ற மாதிரி முகம் தொங்கிவிடும். ஓடிய தூரம் ஒற்றை இலக்கத்தைத் தாண்டக் கூடாது. மேலே போர்த்திய கறுப்புத் துணி மெதுவாக வழுக்கி விழ வேண்டும். இதெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற ஆசைகள். சொல்லாத ஆசை ஒன்று உண்டு. துணி விழும்போது பார்க்க ஆள் வேண்டும். பார்க்க ஆளில்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது நாலு சக்கரம் வைத்த இரும்புதான்.

ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் அக்கார்டியன் வாசிப்பவனையே கூட அழைத்து வந்தார். ஒரு தம்பதி யார் முதலில் ஸ்டியரிங்கைப் பிடிப்பது என்று சண்டை போட்டு, பெண்டாட்டி டாக்ஸி பிடித்துப் போய்விட்டாள். தனியாக வருகிறவர்களும் உண்டு. நாம் நினைப்பதைவிட அதிகம். அவர்கள் போனை நீட்டி, "ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்பார்கள். துன்யா எடுத்துக் கொடுப்பாள். பிறகு கை தட்டுவாள். அது அவள் வேலையில் எழுதியிருக்கவில்லை, ஆனால் தட்டாமல் விட மனசு வராது. இப்படி ஊரார் சந்தோஷத்துக்கெல்லாம் கை தட்டிவிட்டு, சாயங்காலம் ஒற்றை அறை வீட்டுக்குப் போய் விளக்கைப் போடுவாள். அவளுக்குக் கை தட்ட ஒரு நாதி கிடையாது.

வண்டி வந்து சேருவதற்கு முன்பே வாங்குகிறவர் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். உயரம் எத்தனை, இருக்கை எப்படி இருக்க வேண்டும், எந்த வானொலி, திரை எந்தப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும், அன்றைக்கு எத்தனை பேர் வருவீர்கள். பாதிப் பேர் பாதியை விட்டுவிடுவார்கள். அந்தக் கரும்பச்சை வண்டிக்குப் படிவம் நிரப்பியவள் ஒரு கட்டத்தைக்கூட விடவில்லை. பெயர் சில்வானா. முப்பத்தாறு வயது. ஸாயெச்சார் என்ற ஊரில் பல் மருத்துவர். 'வருவது இரண்டு பேர், நானும் அம்மாவும். தயவுசெய்து அம்மாவிடம் வண்டியின் நிறத்தைச் சொல்லிவிடாதீர்கள்' என்று எழுதியிருந்தாள். பக்கத்து இருக்கைக்கான கட்டத்திலும் நாலு வரி இருந்தது. துன்யா எல்லாவற்றையும் அப்படியே வண்டிக்குள் ஏற்றி வைத்தாள். இப்படி ஒருத்தி எனக்குச் சிநேகிதியாக இருந்தால் என் பிறந்தநாளை மறக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

நினைத்ததற்குக் காரணம் இருந்தது. வண்டியைக் கடைசியாகச் சரிபார்க்க வேண்டிய சனிக்கிழமைதான் துன்யாவின் பிறந்தநாள். அதோடு அன்று கல்லறைச் சனி. செத்தவர்களுக்கென்று ஒதுக்கிய நாள். ஊரே சாமந்திப்பூவும் மெழுகுவர்த்தியும் ரொட்டியுமாகக் கல்லறைக்குப் போய்விட்டது. ஷோரூமில் ஈ காக்கை இல்லை. விவாகரத்து ஆன பிறகு அவள் பக்கத்து மனிதர்கள் என்று யாரும் மிச்சமில்லை. அப்பா அம்மா இருவரும் அண்ணனோடு மெல்போர்னில். காலையிலிருந்து மூன்று வாழ்த்து வந்திருந்தது. ஒன்று வங்கி. ஒன்று செருப்புக் கடை. மூன்றாவது, எப்போதோ ஒருமுறை தலைமுடி வெட்டிக்கொண்ட சலூன்.

நாலு மணிக்குச் சாவியை எடுத்தாள். சரிபார்க்க ஐந்து கிலோமீட்டர் ஓட்டலாம், அதற்கு மேல் கூடாது என்று சட்டம். கதவைத் திறந்ததும் உள்ளே விளக்கு மெல்ல எழுந்தது, இருக்கை தானாக முன்னால் நகர்ந்து வந்து முதுகைப் பிடித்துக்கொண்டது, திரையில் எழுத்து மலர்ந்தது: 'நல்வரவு, சில்வானா.'

அந்த நாளில் அவளுக்கு யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது மெஷின்தான், அதுவும் வேறொருத்தியைப் பார்த்துச் சொன்னது. இருந்தாலும் துன்யா வாய்விட்டே, "நன்றி, சில்வானா" என்றாள். ஐந்தாவது கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய வளைவு வந்தது. திரும்பவில்லை. டான்யூப் நதியை ஒட்டிப் போகும் பழைய சாலையில் க்ரோச்கா வரை போய், கரையில் வண்டியை நிறுத்தி, அழுது தீர்த்துவிட்டுத்தான் திரும்பினாள். ஓடிய தூரம் மூன்று என்று காட்டிக்கொண்டிருந்த எண் அறுபத்து நாலு ஆகியிருந்தது.

திங்கட்கிழமை மேலாளர் ராதோமிர் அதைப் பார்த்துவிட்டார்.

"துன்யா, இது என்ன? வண்டியைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டியா?"

"கொஞ்சம் தூரம் போயிட்டேன் சார்."

"கொஞ்சமா! இன்னும் கொஞ்சம் போயிருந்தா ருமேனியா வந்திருக்கும்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "சரி, நடந்தது நடந்துபோச்சு. யாராவது கேட்டா, லாரியில ஏத்தி இறக்கினப்போ ஓடினதுன்னு சொல்லு. நீயா வாயைத் திறக்காதே. அந்தப் பல் டாக்டர் புகார் எழுதினா உன் வேலை போயிடும், அப்புறம் என் தலையும் உருளும்."

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கண்ணாடிக் கதவு விலகியது. வந்தது பல் டாக்டர் இல்லை. அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு குள்ளமான அம்மாள், தலையில் கறுப்புத் துணி, இரண்டு கையிலும் இரண்டு பெரிய பை. பிளாஸ்டிக் பை இல்லை, வீட்டிலே தைத்தது. காவலாளி அவளை வேலை கேட்டு வந்தவள் என்று நினைத்துப் பின்பக்க வாசலைக் கை காட்டினான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நேராக உள்ளே வந்தாள்.

"சில்வானாவோட வண்டியை எடுக்க வந்தேன். நான் பெர்சிடா, அவ அம்மா."

"வாங்கம்மா, வாங்க. அவங்க பின்னாடி வர்றாங்களா?"

பெர்சிடா பைகளைக் கீழே வைத்தாள். "மாடி ஆபீஸ்ல இருக்கிறவங்க உனக்குச் சொல்லலையா? காகிதத்தையெல்லாம் என் பேருக்கு மாத்திக் கொடுத்தாங்களே. ஆகஸ்ட்ல போயிட்டாம்மா. தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருச்சாம். காலையில எனக்குக் காபி போட்டுக் கொடுத்தா. மத்தியானம் இல்லை."

மாடியில் இருக்கிறவர்களுக்குக் கீழே மனிதர்கள் இருப்பதே மறந்துவிடும். ஒரு செத்தவளின் பெயரைச் சொல்லி நன்றி சொல்லிவிட்டு, அவள் வண்டியில் ஊர் சுற்றியிருக்கிறோம் என்று நினைத்தபோது துன்யாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏதோ வருத்தம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

பெர்சிடா அதைக் காதில் வாங்கவில்லை. அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தாறு."

"கல்யாணம்?"

"ஆச்சு. போச்சு."

"அவளுக்கும் அதே கதைதான்." பெர்சிடா முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "இங்கே பாரு பொண்ணே. நாங்க நெகோடின் பக்கம், வ்லாஹ் ஜனங்க. சூனியக்காரங்கன்னு இங்கே எங்களைப் பத்திப் பேசிக்குவீங்க, எனக்குத் தெரியும். சூனியமும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. செத்தவங்களுக்குக் கொடுக்கத் தெரியும், அவ்வளவுதான். அவ ஆசைப்பட்டதை அவளுக்குக் கொடுத்தாகணும். சும்மா கொடுத்தா போய்ச் சேராது. அவ வயசுல ஒருத்தி, உயிரோட இருக்கிறவ, அவ இடத்துல இருந்து வாங்கிக்கணும். அவ பேரைச் சொல்லி வாங்கணும். இவ சாப்பிட்டா அங்கே அவளுக்கு வயிறு நிறையும். இவளுக்குக் குளிர்ந்தா அவளுக்கும் குளிரும்."

"வீட்டுல வேற யாரும்…"

"என் அக்கா பொண்ணு வர்றேன்னு சொல்லியிருந்தா. நேத்து போன் பண்ணி, ஆஸ்திரியாவுல, லின்ஸ்ல லீவு கிடைக்கலைன்னுட்டா. லீவாம் லீவு! பயம். செத்தவ இடத்துல உட்கார எவளுக்குத்தான் மனசு வரும்? நான் ஒருத்திதான் பஸ் ஏறி வந்தேன். வியன்னாவுல இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரித் தரை துடைச்சு, ஊர்ல மூணு மாடி கட்டினேன். இப்போ ஒரு ரூம்ல இருக்கேன், மிச்ச ரூமுக்கெல்லாம் பூட்டு. வியாழக்கிழமை மச்சான் பையன் வந்து இந்த வண்டியைக் கொண்டு போய் அங்கேயே கொட்டகையில விட்டுடுவான். எனக்கு ஓட்டவும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஆனா அதுக்கு முன்னாடி அது அவ கைக்குப் போயாகணும்." குரல் தழைந்தது. "கனவுல வர்றா பொண்ணே. நெடுஞ்சாலை ஓரமா நடந்து போறா. வீட்டுச் செருப்பு போட்டுக்கிட்டு. லாரி சேத்தை வாரி அடிச்சுட்டுப் போகுது. நான் கூப்பிடுறேன், திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறா. எத்தனை நாள்தான் நடப்பா அவ?"

பெர்சிடா துன்யாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ வாங்கிக்கிறியா? அவளுக்காக? உனக்குக் கெடுதல் ஒண்ணும் வராது, நான் சத்தியம் பண்றேன். சாப்பாடு கொண்டு வந்திருக்கேன், புதுத் துணி, புது ஷூ எல்லாம் உனக்குத்தான். ஒரே ஒரு விஷயம். வண்டி புதுசா இருக்கணும். வேற எவளும் உட்கார்ந்து ஓட்டியிருக்கக் கூடாது. ஒருத்தர் அனுபவிச்சதைத் தூக்கிக் கொடுத்தா செத்தவங்களுக்குச் சேராது. புதுசுதானே?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ராதோமிர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று அவருக்கு நினைப்பு. பெர்சிடாவுக்கு வண்டியில் எந்த எண் எங்கே இருக்கும் என்றே தெரியாது. 'புதுசுதான் அம்மா' என்று இரண்டு சொல் சொன்னால் போதும். வேலை பிழைக்கும், அந்த அம்மாளும் நிம்மதியாக ஊருக்குப் போவாள். யாருக்கும் நஷ்டமில்லை, நெடுஞ்சாலையில் வீட்டுச் செருப்போடு நடக்கிறவளைத் தவிர. துன்யாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவளுக்கு இந்தப் பொய் சுலபமாக வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இல்லம்மா" என்றாள். "ஓட்டிட்டேன்."

"யாரு?"

"நான்தான். அறுபத்தொரு கிலோமீட்டர். எனக்கு அவங்க விஷயம் தெரியாது, சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் தப்புதான். மன்னிச்சிடுங்க."

பெர்சிடா எழுந்தாள். குள்ளமான உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "அறுபத்தொண்ணா? உங்கப்பன் வீட்டு வண்டின்னு நினைச்சியா? என் பொண்ணு எட்டு மாசம் இதுக்காகக் காத்திருந்தாடி! தெனமும் போட்டோவைப் பார்த்துக்கிட்டிருந்தா! அவ ஒரு தடவை உட்காரல, நீ உட்கார்ந்து சுத்தினியா? உன் கால் ரெண்டும்…" சாபத்தைப் பாதியில் விழுங்கிக்கொண்டாள். ராதோமிர் அறையிலிருந்து பாதி வெளியே வந்து, நிலைமையைப் பார்த்து, மறுபடி உள்ளே போய்விட்டார்.

துன்யா தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

"எப்போ ஓட்டினே?"

"சனிக்கிழமை."

"எந்தச் சனிக்கிழமை?"

"போன சனிக்கிழமை. எனக்கு அன்னைக்குப் பிறந்தநாள். யாரும் கூப்பிடல. அதான்…"

பெர்சிடா அசையாமல் நின்றாள். "கல்லறைச் சனி" என்றாள், கிட்டத்தட்டத் தனக்குள். பிறகு நிதானமாக, வேறு குரலில் கேட்டாள். "உள்ள உட்கார்ந்தப்போ என்ன பண்ணினே? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் பண்ணல. திரையில அவங்க பேரு வந்துச்சு. நல்வரவு சில்வானான்னு. நான் நன்றின்னு சொன்னேன்."

"வெறும் நன்றியா?"

"நன்றி, சில்வானான்னு சொன்னேன்."

"பேரைச் சொன்னியா? வாய்விட்டா?"

"வாய்விட்டுத்தான்."

பெர்சிடா நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். கறுப்புத் தலைத்துணியின் முனையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். அவளுடைய கோபம் போன இடம் தெரியவில்லை. "அவ வயசு. அந்த நாள். பேரைச் சொல்லி வாங்கியிருக்கே. நான் கல்லறையில மெழுகுவர்த்தி ஏத்திட்டு, வண்டி எப்போடா வரும்னு அவகிட்ட புலம்பிக்கிட்டிருக்கேன், அவ இங்கே சாவியை வாங்கிட்டுக் கிளம்பிட்டா. அவ எப்பவும் அப்படித்தான், எனக்காகக் காத்திருக்கவே மாட்டா." துன்யாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "சொல்லு. எங்கே போனா?"

துன்யாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. தான் போனதெல்லாம் இந்த அம்மாளுக்குச் சில்வானா போனதுதான்.

"க்ரோச்கா வரைக்கும்மா. பழைய சாலையில, ஆத்து ஓரமா."

"வேகமாப் போனாளா?"

"இல்ல, மெதுவாத்தான். ரெண்டு பக்கமும் பீச் தோட்டம், இலையெல்லாம் கொட்டியிருந்துச்சு. வழியில ஒரு கல்லறை. ஏகப்பட்ட மெழுகுவர்த்தி எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு."

"பார்த்தாளா அதை? நல்லது. குளிரா இருந்துச்சா?"

"வெளியே குளிர். உள்ளே கதகதப்பா இருந்துச்சு."

"சாப்பிட்டாளா?"

"ஒரு கடையில நிறுத்தி, சுட்ட இறைச்சி வெச்ச பன் வாங்கினேன்."

"வெங்காயம் போட்டா?"

"வெங்காயம் வேண்டாம்னு சொல்லி வாங்கினேன்."

"பல் டாக்டர்ல! வெங்காயம் தின்னா வர்றவங்க முகத்தைத் திருப்பிக்குவாங்கன்னு தொடவே மாட்டா." பெர்சிடா தொடையில் தட்டிக்கொண்டாள். ஒவ்வொரு பதிலையும் பசியோடு வாங்கிக்கொண்டாள். துன்யாவும் சொல்லிக்கொண்டே போனாள். எந்தப் பாட்டு ஓடியது, நதி என்ன நிறத்தில் இருந்தது, படகில் எத்தனை பேர் இருந்தார்கள். அவளுடைய ஒரு சாயங்காலத்தை யாராவது இப்படித் துருவித் துருவிக் கேட்டு எத்தனை வருடம் ஆகிவிட்டது. புருஷனோடு இருந்த காலத்திலும் இப்படி யாரும் கேட்டதில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் கரையில நிறுத்திட்டு உட்கார்ந்திருந்தேன்."

"எப்படி இருந்தா? சந்தோஷமா இருந்தாளா?"

பெர்சிடா முன்பு சொன்னது துன்யாவுக்கு நினைவு வந்தது. இவ சாப்பிட்டா அவளுக்கு வயிறு நிறையும், இவளுக்குக் குளிர்ந்தா அவளுக்கும் குளிரும். அப்படியானால் இவள் அழுதால்? "சந்தோஷமா இருந்தாம்மா" என்றாள். "சிரிச்சுக்கிட்டே இருந்தா."

பெர்சிடா அவள் முகத்தையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் தரை துடைத்தவள் எத்தனை பேர் கட்டிலருகே நின்று எத்தனை பொய் சொல்லிக் கேட்டிருப்பாள். "இத்தனை நேரம் நெசம் சொன்னே. இப்போ மட்டும் ஏன்டி கண்ணை எடுத்துட்டே?"

துன்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அழுதேன்மா" என்றாள். "அரை மணி நேரம் அழுதேன். எனக்கு யாருமே இல்லையேன்னு அழுதேன்."

பெர்சிடா தன் இரண்டு பைகளையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்த இடத்தில், ஆற்றங்கரையில், மகள் தன்னந்தனியாக அழுதுகொண்டிருக்கிறாள். இதைத் தெரிந்துகொண்டு எப்படிப் பஸ் ஏறுவாள் அவள்?

"எழுந்திரு" என்றாள்.

"எங்கேம்மா?"

"அந்த எடத்துக்குத்தான். அவளை அழ விட்டுட்டு நான் ஊருக்குப் போய் உட்கார முடியாது. வாங்கினதைத் திரும்ப வாங்கணும், இந்தத் தடவை ஒழுங்கா. கொடுக்கிறவ வண்டியில உட்காரக் கூடாதுன்னு எங்க முறை. முறையெல்லாம் நீதான் கெடுத்துட்டியே, இன்னும் என்ன? நானும் வர்றேன்."

துன்யா வண்டியைப் போர்த்தியிருந்த கறுப்புத் துணியை இழுத்தாள். மெதுவாக இழுக்க மறந்து போய் ஒரே வீச்சில் இழுத்தாள்.

"பச்சை!" என்றாள் பெர்சிடா. "கறுப்புன்னு சொன்னாளே திருடி. பச்சைன்னா எனக்கு உசிருன்னு அவளுக்குத் தெரியும்." கதவின் மேல் உள்ளங்கையை வைத்தாள், சுடுகிறதா என்று பார்ப்பது போல. துன்யா வழக்கப்படி தட்டக் கையைத் தூக்கி, தட்டாமல் கீழே இறக்கினாள்.

ராதோமிர் ஓடி வந்தார். "துன்யா! வண்டியை எங்கே எடுத்துட்டுப் போறே?"

"டெலிவரி சார்."

"இங்கதானே டெலிவரி!"

"கொஞ்சம் தள்ளி" என்றாள் பெர்சிடா, அவரை ஒரு பையால் ஒதுக்கிவிட்டு.

'நல்வரவு, சில்வானா' என்றது திரை. "நன்றி, சில்வானா" என்றாள் துன்யா, இந்தத் தடவை தெரிந்தே. "பொக்தப்ரோஸ்தேன்னும் சொல்லு" என்றாள் பெர்சிடா. "கடவுள் அவளை மன்னிக்கட்டும்னு அர்த்தம்." துன்யா அதையும் சொன்னாள். அப்புறம்தான் பெர்சிடா பக்கத்து இருக்கையில் ஏறினாள். ஏறியவுடன் இருக்கை அவளைத் தூக்கி முன்னால் கொண்டு வந்தது. கால் தரையைத் தொட்டது. இடுப்புக்குப் பின்னால் ஏதோ மெத்தென்று புடைத்து வந்து தாங்கியது.

அவள் பதறி எழப் பார்த்தாள். "சூடா இருக்கு! யாரு உட்கார்ந்திருந்தா இதுல?"

"யாரும் இல்லம்மா. அவங்க எழுதிக் கொடுத்திருந்தாங்க." துன்யாவுக்கு அந்த நாலு வரியும் மனப்பாடம். வண்டியைக் கிளப்பி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "பக்கத்து இருக்கை என் அம்மாவுக்கு. உயரம் நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர், கால் எட்ட வேண்டும். தரை துடைத்துத் துடைத்துப் போன இடுப்பு, பின்னால் தாங்கல் வேண்டும். உட்காருவதற்கு முன்பே சூடாக இருக்கட்டும். கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் கேட்காதீர்கள்."

நகரம் முடிந்து, பீச் தோட்டங்கள் ஆரம்பித்து, நதி மரங்களுக்கு நடுவே தெரிந்து மறைந்து தெரிந்தது. பெர்சிடா இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதுகை அந்தச் சூட்டில் அழுத்திச் சாய்த்துக்கொண்டு க்ரோச்கா வரைக்கும் வந்தாள்.

கரையில் அதே இடம். இன்றைக்குப் படகுகூட இல்லை, நதியும் வானமும் ஒரே சாம்பல். பெர்சிடா பையிலிருந்து ஒரு பூத்துண்டை எடுத்துப் புது வண்டியின் முன்மூடியில் விரித்தாள். ராதோமிர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். துண்டின் மேல் ரொட்டி, வறுத்த கோழி, ஒயின், ரொட்டியின் நடுவே செருகிய மெழுகுவர்த்தி. காற்றில் நாலு தடவை அணைந்தது, ஐந்தாவது தடவை நின்றது.

"சாப்பிடு. கொறிக்காதே, நல்லாச் சாப்பிடு. அவளுக்குப் பசிக்கும்."

துன்யா சாப்பிட்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது கோழி உள்ளே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் சிரிப்பு மட்டும் வரவில்லை. பெர்சிடா என்னென்னவோ செய்து பார்த்தாள். வியன்னா ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் ஈரத்தரையில் வழுக்கிப் போன கதையைச் சொன்னாள். சொல்லத் தெரியாமல் சொன்னதில், டாக்டர் விழுவதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது.

"சரி, ஷூவைப் போட்டுக்கோ" என்றாள் பெர்சிடா தளர்ந்து போய். "வீட்டுச் செருப்போட நடந்தாளே, அதுக்காக வாங்கினது."

பழுப்புத் தோல், சின்னக் குதி, முப்பத்தொன்பதாம் அளவு. துன்யாவின் கால் நாற்பத்தொன்று. அதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கித் திணித்து, குதிகாலை அமுக்கி, எப்படியோ இரண்டையும் மாட்டிக்கொண்டு நாலு அடி நடந்தாள். ஐந்தாவது அடியில் கால் மடங்கியது.

"என்னடி நொண்டுறே? கடிக்குதா?"

"இல்லம்மா, சரியா இருக்கு."

"கடிக்குதான்னு கேட்டேன்!"

"கொஞ்சம்."

"கழட்டு!" பெர்சிடா அலறினாள். "கழட்டுடி முதல்ல! அங்கே அவளுக்குக் கால் கடிக்கும்! கார் வாங்கிக் கொடுத்து, ஷூ கடிச்சு நொண்ட விடறதுக்கா இத்தனை தூரம் வந்தேன்?" ஈர மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்து ஷூவைப் பிடித்து இழுத்தாள். ஷூ வரவில்லை. துன்யா வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தாள். பெர்சிடா ஒரு காலை டயரில் உதைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து இழுத்தாள். சட்டென்று ஷூ கழன்று, அவள் ஷூவோடு பின்னால் போய்ப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள், கறுப்புத் தலைத்துணி கண் வரைக்கும் இறங்கியிருக்க.

துன்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வண்டிமேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை ஷூவோடு நின்று சிரித்தாள். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பெர்சிடா எழுந்திருக்கவில்லை. தலைத்துணியை மேலே தள்ளவும் இல்லை. புல்லில் உட்கார்ந்தபடி, ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் பெர்சிடா, கண்ணைத் திறக்காமல். "இன்னும் கொஞ்ச நேரம் சிரிம்மா."

துன்யாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்காமலே, நிறுத்தாமல் சிரித்தாள்.